கரைக்குப் பெயரில்லை

எங்கள் வீட்டில் நைனாவுக்கு இன்னொரு பெயர் இருந்தது: எம்டன். கொடுங்கையூரில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டின் தெருமுனையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் அம்மா வானொலியை அணைப்பாள். "எம்டன் வந்துடுச்சி" என்பாள். நானும் தங்கையும் காலை மடக்கி, குரலை மடக்கி, புத்தகத்தைப் பிரித்துக்கொள்வோம். நைனா அடிக்கிறவர் இல்லை. கத்துகிறவரும் இல்லை. எப்போது கோபம் வரும், எதற்கு வரும் என்று தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தெரியாமை போதும் ஒரு வீட்டை அடக்கி வைக்க.

எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். அதுவரை அது அப்பாக்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் கண்டிப்பான மாமியார்களுக்கும் வைக்கிற பெயர் என்றே நினைத்திருந்தேன். ஏமாற்ற முடியாத ஆள், எங்கிருந்து வருவான் என்று சொல்ல முடியாத ஆள், கெட்டிக்காரன் என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் உண்டு. 2006இல் 'எம்டன் மகன்' என்று அறிவிக்கப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக 'எம் மகன்' என்று மாறியது. அதுவும் ஒரு கண்டிப்பான தகப்பனின் கதைதான். ஒரு போர்க்கப்பல் எங்கள் ஊர்க் கடலில் சில நிமிடங்கள் நின்று சுட்டுவிட்டுப் போனது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது எங்கள் வீடுகளுக்குள் அப்பாவாக நடமாடிக்கொண்டிருக்கிறது. இது ஏன் என்ற கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணிவாக்கில், கார்ல் ஃபொன் மியுல்லர் தலைமையிலான ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. பொய்யாக ஒரு புகைபோக்கியைக் கூடுதலாக வைத்து ஆங்கிலேயக் கப்பல்போல வேடம் போட்டுத் திரிந்த கப்பல் அது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு வணிகக் கப்பல் அடிபட்டது. கரையிலிருந்து வந்த பதில் குண்டுகள் எதுவும் படாமல் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது. இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் ஊரே கிளம்பியது. அடுத்த நாட்களில் ரயில் நிலையங்களில் கூட்டம் தாங்கவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு வெளியேறினார்கள்.

உயர் நீதிமன்ற வளாகச் சுற்றுச்சுவரில் இதற்கு ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. தினமும் ஆயிரம் பேர் அதைக் கடந்து போகிறார்கள். படித்து முடித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நாளை நினைவுகூரும் ஒரு நிகழ்வில் பேச என்னை அழைத்தார்கள். அழைப்பிதழில் கப்பலின் படம் பெரிதாக இருந்தது. பீரங்கிகள் துல்லியமாகத் தெரிந்தன. பேச்சாளர்களில் ஒருவர் கப்பலின் கட்டுமானத்தைப் பற்றி, ஒருவர் தலைவன் மியுல்லரின் போர் அறத்தைப் பற்றி, இன்னொருவர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற, ஆதாரம் இல்லாவிட்டாலும் நமக்குப் பிடித்துப்போன கதையைப் பற்றி. நான் தமிழ் ஆசிரியை என்பதால் 'எம்டன்' என்ற சொல் மொழிக்குள் வந்ததைப் பற்றிச் சுவையாகப் பத்து நிமிடம். "கரையில இருந்தவங்களப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். அழைத்தவர் நல்ல மனிதர். "அதுக்குத் தகவல் இன்னா மேடம் இருக்கு?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

தகவல் இருந்தது. எங்கள் ஆயாவிடம் இருந்தது.

ஆயா இராயபுரத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மாவுக்கு 1914இல் பதின்மூன்று வயது, கல்யாணமாகிச் சில மாதங்கள். அந்த இரவைப் பற்றி அவள் தன் மகளுக்குச் சொன்னதும், மகள் எனக்குச் சொன்னதும் ஒரே ஒரு விஷயம்தான். மறுநாள் மாவுக்கு அரிசி ஊற வைத்திருந்தாள். வானம் சிவந்தது, சத்தம் கேட்டது, ஆண்கள் "கெளம்பு, கெளம்பு" என்றார்கள். வீட்டுப் பெரியவர் பெட்டியைத் தூக்கினார். மாமியார் நகையை இடுப்பில் முடிந்துகொண்டாள். இவள் ஊறின அரிசியை வடித்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். "உட்டுட்டு வர மனசு வரல. வழியெல்லாம் தண்ணி சொட்டிக்கினே வந்துச்சாம். பொடவ நனஞ்சி, கால் நனஞ்சி, பொன்னேரி பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள அரிசி பொளிச்ச வாட அடிச்சிச்சாம். அதுக்கு மாமியாக்காரி கிட்ட திட்டு வேற" என்பாள் ஆயா. சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அது புரட்டாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், நவராத்திரி தொடங்கியிருந்த வாரம். நகரத்தின் எத்தனையோ வீடுகளில் கொலு அடுக்கப்பட்டிருக்கும், எத்தனையோ அடுப்புகளில் சுண்டல் ஊறியிருக்கும். அவற்றை யார் எடுத்து வைத்தார்கள், யார் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள், திரும்பி வந்தபோது எலி தின்ற வீட்டை யார் கூட்டினார்கள் என்பதெல்லாம் போர் வரலாற்றில் சேர்வதில்லை. ஒரு ஊர் இடம்பெயர்ந்தது என்று எழுதுகிறோம். ஊர் தானாக இடம்பெயராது. மூட்டை கட்டுகிறவர்கள் கட்டுகிறார்கள், குழந்தையைத் தூக்குகிறவர்கள் தூக்குகிறார்கள், போன இடத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிறவர்கள் மூட்டுகிறார்கள்.

மியுல்லர் தன் தாக்குதலுக்குச் சொன்ன காரணத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இந்திய மக்களிடையே ஒரு பரபரப்பை உண்டாக்குவதும், ஆங்கிலேய வணிகத்தைக் குலைப்பதும், ஆங்கிலேயருடைய மதிப்பைக் குறைப்பதும்தான் அவர் நோக்கம். ஒரு செய்துகாட்டல். அதாவது, கரையில் இருந்தவர்கள் பகைவர்களும் இல்லை, நண்பர்களும் இல்லை, பார்வையாளர்கள். அவர் பண்பாளர் என்று பெயர் பெற்றவர். மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் பணியாளர்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தவர். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய பண்பு அவர் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் வரைக்கும்தான் எட்டுகிறது. எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த மூட்டை தூக்குகிறவரும், அவர் மனைவியும் தொலைநோக்கியில் தெரிந்திருக்க மாட்டார்கள்.

பார்வையாளர்களாக ஆக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள். வெள்ளைக்காரனுக்கே தண்ணி காட்டிய கப்பல் என்று ஊர் வியந்தது. அந்த வியப்புக்கு நியாயம் உண்டு. நம்மை ஆண்டவன் ஒரு இரவாவது நடுங்கினான் என்பதில் மகிழ்ச்சி இல்லாமலா போகும்? ஆனால் அந்த வியப்பு ஒரு சொல்லாகி மொழிக்குள் வந்து உட்கார்ந்தபோது, ஓடினவர்களின் பக்கத்திலிருந்து வரவில்லை. சுட்டவன் பக்கத்திலிருந்து வந்தது. எம்டன் என்றால் கெட்டிக்காரன். எம்டன் என்றால் வல்லவன். முன்னறிவிப்பில்லாமல் வந்து அடித்துவிட்டுப் போகிறவன். ஊறின அரிசியை முந்தானையில் கட்டிக்கொண்டு இருட்டில் நடக்கிறவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கப்பலுக்குத் தமிழில் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, கரைக்கு இல்லை.

அதனால்தான் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக நைனா மேல் போய் ஒட்டிக்கொண்டது. பயத்துக்கும் மரியாதைக்கும் வேறுபாடு தெரியாத ஒரு வீட்டில் அதற்கு எப்போதும் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. கண்டிப்பான அப்பாவை எம்டன் என்று சொல்லிச் சிரிக்கிறபோது, அவருடைய அதிகாரத்தைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதை ஒப்புக்கொள்கிறோம். வானொலியை அணைக்கிற கை அம்மாவுடையது. அவள் பாதியில் விட்ட பாட்டுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

ஜெர்மனியில், உயிர்பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார்கள். அது அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. அந்தக் கப்பல் 1914 நவம்பர் 9 அன்று கொகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் தோற்றபோது 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள். கரையிலிருந்து நினைவுகூர்வது என்றால் கப்பலில் இருந்தவர்களை வெறுப்பது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தோற்ற கப்பலின் பெயர் ஜெர்மானியப் பிள்ளைகளின் பெயரில் வாழ்கிறது, தமிழ் அப்பாக்களின் பட்டப்பெயரில் வாழ்கிறது. நடுவில் எரிந்த கரைதான் பெயரில்லாமல் கிடக்கிறது.

போரை நினைவுகூர்வது நமக்குப் புதிதில்லை. நடுகல் நட்ட இனம் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்குப் படிநிலைகளை வகுத்திருக்கிறது. செங்கம் பகுதி நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், வீரனின் பெயர் இருக்கும், எந்த ஊர் ஆநிரையை மீட்டு இறந்தான் என்று இருக்கும். பெண்ணைத் தேடினால் பல நடுகற்களில் அவள் மேல்பகுதியில் இருக்கிறாள், வீரனை வானுலகுக்கு அழைத்துப் போகும் தேவமகளாக. அல்லது சதிக்கல்லில் வளையல் அணிந்து உயர்த்திய கையாக. கணவனோடு எரிந்தால் ஒரு கல் கிடைக்கலாம். அவன் போன பிறகு முப்பது ஆண்டுகள் உயிரோடிருந்து பிள்ளைகளை வளர்த்தால் கல் கிடையாது.

புறநானூற்றை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டில் மகன் புறமுதுகு காட்டினானோ என்று வாளோடு களத்துக்குப் போகும் தாய் வருகிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் ஒரே மகனையும் போருக்கு அனுப்பும் தாய் வருகிறாள். இரண்டும் பெண்கள் பாடியவை, இரண்டும் பெரிய கவிதைகள். ஆனால் மேடைகள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இவ்விரு தாய்மார்களைத்தான். பாரி மகளிரின் பாட்டு அதே புறநானூற்றில்தான் இருக்கிறது. ஒரு முழுநிலாவுக்கும் அடுத்த முழுநிலாவுக்கும் நடுவில் தந்தையையும் மலையையும் இழந்த இரண்டு பெண்கள், அந்த நிலாவைப் பார்த்துப் பேசும் ஐந்தே அடிகள். வெற்றி பெற்ற வேந்தர்களின் முரசைப் பற்றிய ஏளனம் அதற்குள் இருக்கிறது, ஒரு வசைச்சொல்கூட இல்லாமல். எனக்குத் தெரிந்து ஒரு போரின் நினைவுநாளைத் தோற்றவர்கள் பக்கமிருந்து பேசிய நம் பழைய குரல் அதுதான். அதைப் பேசியவர்கள் பெண்கள். அவர்கள் நாள் குறித்தது ஒரு மாதக் கணக்கில், நிலாவை வைத்து.

ஆகவே, கரையின் குரல் நம் மரபில் இல்லை என்று சொல்ல முடியாது. நாம் அதை மேடை ஏற்றவில்லை.

நினைவுச்சின்னம் வென்றவர்களுடையது, அதை நாம் என்ன செய்ய முடியும் என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நான் பீமா கோரேகாவைச் சொன்னேன். 1818 ஜனவரி 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் பேஷ்வா படைக்கும் நடந்த சண்டை. கம்பெனி தன் பெருமைக்காக எழுப்பிய தூண் அது. ஆனால் அதில் பொறிக்கப்பட்ட பெயர்களை யாரோ உட்கார்ந்து படித்தார்கள். அவற்றில் 22 பெயர்கள் மகர் வீரர்களுடையவை. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். இன்று லட்சக்கணக்கான தலித் மக்கள் ஆண்டுதோறும் கூடுவது கம்பெனியின் வெற்றியைக் கொண்டாட இல்லை. தங்களைத் தீண்டத்தகாதவர்களாக நடத்திய ஆட்சி ஒன்று வீழ்ந்ததில் தங்கள் முன்னோர்களின் கை இருந்தது என்பதை நினைக்க. கல் அதேதான். படிக்கிறவர்கள் மாறினார்கள், பொருள் மாறிவிட்டது. அங்கேயும், இறந்த வீரர்களின் மனைவிமார் பெயர் எந்தத் தூணிலும் இல்லை என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கல்லே வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு நினைவுகூரலும் இருக்கிறது. அதுவும் ஒரு கரையில்தான். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் திட்டில், 2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பேர்வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. அரசு மே 19ஐப் போர் வீரர் நினைவாகக் கொண்டாடுகிறது. தமிழர்கள் மே 18இல் கஞ்சி காய்ச்சுகிறார்கள். முற்றுகைக்குள் கடைசி வாரங்களில் அங்கிருந்தவர்கள் உயிர் பிழைத்த அதே உணவு: கொஞ்சம் அரிசி, நிறையத் தண்ணீர், கிடைத்தால் உப்பு. அதைத் தெருவில் வைத்துக் காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு திரும்பக் கட்டினார்கள். கல்லை இடிக்கலாம் என்பது புரிகிறது. ஆனால் 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உள்ளிட்டவர்களைக் கைது செய்தார்கள். உப்புக் கஞ்சியைப் பார்த்து ஓர் அரசு எதற்காகப் பயப்பட வேண்டும்? அந்தக் கஞ்சியில் கொடி இல்லை, படம் இல்லை, முழக்கம் இல்லை. 'நாங்கள் இதைத்தான் தின்றோம்' என்று மட்டும் அது சொல்கிறது. அதை மறுக்க முடியாது என்பதால்தான் பயம் என்று நினைக்கிறேன்.

இங்கே நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு மேடைகளில் அந்த மே மாதம் எப்படி நினைவுகூரப்படுகிறது? சிதைக்கப்பட்ட பெண் உடல்களின் படங்கள் பதாகையில். அவற்றுக்கு முன்னால் ஆண்களின் வீர உரை. அந்தப் பெண்ணின் தாயோ தங்கையோ கூட்டத்தில் இருந்தால் அந்தப் படத்தைப் பார்ப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. அரசுப் படையின் குண்டுவீச்சைப் பதிவு செய்த அதே ஐ.நா. குழு, புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் பதிவு செய்தது. மகளைப் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க பதுங்கு குழியில் ஒளித்து வைத்த தாய்க்கு நம் மேடையில் இடமில்லை. கரையிலிருந்து நினைவுகூர்வது என்றால் அவளுக்கும் இடம் வைக்க வேண்டும். நம் தரப்புக்கு அசௌகரியமாக இருக்கிறது என்பதற்காக ஒரு நினைவை விட்டுவிட்டால், நாமும் கப்பலில் ஏறிக்கொண்டோம் என்று பொருள்.

பழையதைக் கிளறினால் வன்மம்தான் வளரும், மறப்பதே அமைதி என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். வன்மத்துக்கென்றே காத்து வைக்கப்படும் நினைவுகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் மறக்கச் சொல்கிறவர் யார், மறக்க வேண்டியவர் யார் என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் நடந்ததை மறந்துவிடு என்று அம்மாவிடம்தான் சொல்வார்கள். செய்தவரிடம் நினைவு வைத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் பட்டதை நான் நினைவில் வைத்திருப்பது, எனக்கு அவரிடம் ஒரு கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. அந்தக் கடனைத் தீர்க்க எதிரியின் தலை தேவையில்லை. அவர் பட்டது நடந்தது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும்.

அந்த நிகழ்வில் நான் சொல்லாராய்ச்சியைச் சுருக்கிக்கொண்டு ஊறின அரிசியைப் பற்றிப் பேசினேன். சிலர் சிரித்தார்கள், ஆயாவைப் போல. அதன் பிறகு ஒவ்வொரு செப்டம்பர் 22க்கும் என் வகுப்பில் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் கேட்டு வர வேண்டும்: உங்கள் குடும்பம் எப்போதாவது அவசரமாக வீட்டை விட்டுக் கிளம்பியதா? அன்று பெண்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்?

வட சென்னைப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலிருந்ததே இல்லை. ஒரு மாணவியின் கொள்ளுப்பாட்டி 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்று அரசே நகரைக் காலி செய்யச் சொன்னபோது அம்மிக் குழவியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாளாம். கல்லைப் புரட்ட முடியவில்லை. இன்னொருத்தியின் குடும்பம் 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையாக வந்து வியாசர்பாடியில் குடியேறியது. எடுத்து வந்தது அத்தோ செய்யும் கைப்பக்குவம் மட்டும். அதுதான் மூன்று தலைமுறைக்குச் சோறு போடுகிறது. 1914இல் எரிந்த தொட்டிகளிலிருந்த எண்ணெயைக் கொண்டுவந்த கம்பெனியின் பெயரிலும் அந்த பர்மாதான் இருக்கிறது என்று சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. 2004 சுனாமி, 2015 வெள்ளம், குடிசையை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய லாரி. ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், தையல் மெஷினின் தலை மட்டும், ஒரு டப்பா இட்லி மாவு.

மாவைப் படித்தபோது நான் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி வெறும் தாளைக் கொடுத்தாள். கொடுங்கையூர்ப் பெண், குப்பைமேட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "நாங்க எங்கயும் போகல மேடம். எங்கள யாரும் சுடவும் இல்ல. மேடு தீப்பிடிச்சா அம்மா துணிய நனச்சி ஜன்னல்ல கட்டுவாங்க. காலைல அவுத்து தொவைப்பாங்க. அவ்ளோதான். எங்களுக்குத் தேதி எதுவும் இல்லியே" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியம் அசைத்துப் பார்க்கிறது. போருக்குத் தேதி உண்டு. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, அதனால் நினைவுநாள் உண்டு. பல பத்தாண்டுகளாக நகரத்தின் பாதிக் குப்பையை மூச்சில் வாங்குகிற ஊருக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது? எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததற்குத் தேதி இருக்கிறது. அதன் பிறகு வலையிலும் வயிற்றிலும் அது தங்கியிருப்பதற்குத் தேதி இல்லை. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். விளையாடப் போன பிள்ளைகள். அதற்குத் தேதி இருக்கிறது. பலகை இல்லை. எம்டனின் ஒரு குண்டு ஒரு சுவரில் பட்டதற்குப் பலகை இருக்கிற நகரத்தில், அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை. போரில் இறந்தால் மட்டும்தான் ஒரு சாவு நிகழ்ச்சியாகிறதா? அலட்சியத்தால் வந்த சாவு விபத்து என்ற சொல்லுக்குள் அடங்கிவிட வேண்டுமா?

அந்தப் பெண்ணுக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. தேதியில்லாதவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் எந்த நாளில் கொல்லப்பட்டார்கள் என்று தாய்மார்களுக்குத் தெரியாது. நினைவுநாள் வைக்க நாளே இல்லை. அவர்கள் 1977 ஏப்ரல் 30 அன்று போனஸ் ஐரிஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். பிறகு வாரந்தோறும் வியாழக்கிழமை, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கொரு நாள் என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாட்காட்டி தங்களுக்கு ஒரு நாளைத் தராதபோது, இந்தப் பெண்கள் வாரத்தையே தங்கள் நாட்காட்டி ஆக்கினார்கள்.

அவள் கேட்டுக்கொண்டாள். "அப்போ அம்மா துணி நனைக்கிற ராத்திரிய எல்லாம் குறிச்சி வெக்கலாமா மேடம்?" என்றாள்.

வைக்கலாம் என்றேன். மேசை இழுப்பறையில் போன ஆண்டின் காலண்டர் நாட்குறிப்பு ஒன்று எழுதாமல் கிடந்தது. பழைய ஆண்டு, கிழமை பொருந்தாது, திருத்திக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நைனா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் நினைவுநாளில் அம்மா படத்துக்கு மாலை போடுவாள், வடை சுடுவாள், காக்கைக்குச் சோறு வைப்பாள். இந்த முறை நான் அடுக்களையில் உட்கார்ந்து உளுந்து ஆட்டிக்கொண்டே கேட்டேன்: "நைனா வரும்போது ரேடியோவ அணைப்பியே, எந்தப் பாட்ட அணைக்கிறது உனக்குக் கஷ்டமா இருந்திச்சி?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாற்பது ஆண்டுகளில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அடுப்பைக் குறைத்தேன்.